ஒன்பது ‘ஆ’ பிரிவின் புவியீர்ப்பு

எங்கள் பள்ளியில் அறிவியல் விதிகள் எவ்வாறு கற்பிக்கப்படுகின்றனவோ அவ்வாறே செயல்படும். எட்டாம் வகுப்பு வரை, மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் ஈர்ப்பு விசையே வளாகத்துக்குள்ளும் போதுமானது. ஒன்பதாம் வகுப்பில் புவியீர்ப்புப் பாடம் தொடங்கும் மணியோடு அது காலாவதியாகிவிடும். அதன்பின் ஆசிரியர் கொடுப்பதுதான்.

நான் இங்கே தலைமையாசிரியை. இந்த ஆண்டு ‘ஆ’ பிரிவுக்கு அதைக் கொடுத்தவர் சங்கரலிங்கம் சார். அவருடைய முறை ஒப்பித்தல். அவர் வரையறையைச் சொல்லுவார்; வகுப்பு திரும்பச் சொல்லும்; மணி அடிக்கும். ஆகவே, வரையறையைச் சொல்லிக்கொண்டிருக்கும் வரையில் மட்டுமே அவ்வகுப்பாரின் கால்கள் தரையில் நின்றன. “புவி தன் மையத்தை நோக்கிப் பொருள்களை ஈர்க்கும் விசை” என்று முணுமுணுத்தபடியே அவர்கள் தாழ்வாரத்தில் நடந்தார்கள். தண்ணீர் குடிக்கும்போது ஒருவருக்காக மற்றொருவர் சொன்னார். எதிரொலிப் பாடத்தைப் ‘பரீட்சைக்கு வராது’ என்று சார் விட்டுவிட்டதால், அத்தனை பேர் சேர்ந்து ஒப்பித்தும் அறையில் எதிரொலி எழவில்லை. அது ஒரு வசதி.

ஆசிரியருக்கும் தாம் நடத்திய விதியே பொருந்தும். சங்கரலிங்கம் சார் பேச்சை நிறுத்தி எவரும் பார்த்ததில்லை.

அவ்வகுப்பின் இசக்கியம்மாள் எண்ணூறு மீட்டர் ஓடுபவள். பள்ளி மைதானத்தில் நடக்கவிருந்த போட்டியில் வெல்பவரை விளையாட்டு விடுதிக்குத் தேர்ந்தெடுக்க ஒரு பயிற்றுநர் வருவதாக இருந்தது. வயது வரம்பின்படி அவளுக்கு அது கடைசி வாய்ப்பு. அவள் என் அறைக்கு வந்து, வரையறையை ஒருமுறை முழுதாகச் சொல்லி முடித்து, பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

“ஓடயில மூச்சு விடணும்லா டீச்சர்? மூச்சு விட்டா ஒப்பிக்க முடியல. ஒப்பிக்கலன்னா கால் கிளம்பிருது.”

இதைச் சொல்வதற்குள் அவள் என் மேசைக்கு மேலே சென்றிருந்தாள். உத்தரத்தில் தலை முட்டாதவாறு கையை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சங்கரலிங்கம் சாரை அழைத்தேன்.

“போர்ஷன் முடிஞ்சாச்சு மேடம், புவி தன் மையத்தை நோக்கி, பாடத்திட்டத்துல ஓட்டப்பந்தயம் இல்லையே மேடம், பொருள்களை ஈர்க்கும் விசை” என்றார் அவர்.

அவர் கூறியது உண்மை. முடிந்த பாடத்தை மீண்டும் நடத்த விதியில் தடையில்லை, நேரம்தான் இல்லை. அப்போது, புதிதாகச் சேர்ந்திருந்த ஜெசிந்தா டீச்சர், உடற்கல்விப் பாடவேளை இருக்கிறதே என்று நினைவூட்டினார். சங்கரலிங்கம் சார் பணியில் சேர்ந்த நாள் முதல் அந்தப் பாடவேளையை அறிவியலுக்கு எடுத்துக்கொண்டுவந்தார். அது மைதானத்துக்கு உரியது என்பது அனைவருக்கும் மறந்துபோயிருந்தது.

“நான் எடுக்கேன் மேடம். ஆனா கிரவுண்டுல எடுக்கேன்” என்றார் ஜெசிந்தா டீச்சர்.

“அங்க கரும்பலகை கிடையாதேம்மா!” என்றார் சங்கரலிங்கம் சார், உண்மையான பரிவோடு.

ஜெசிந்தா டீச்சர் என்னிடம் கொடுத்த பாடத்திட்டத்தில் மூன்றே செயல்பாடுகள் இருந்தன: வாயை மூடுதல், மேலே செல்லுதல், கேள்வி கேட்டல். கற்றல் விளைவு என்ற இடம் காலியாக இருந்தது. நிரப்பித் தருமாறு திருப்பியனுப்பினேன். ‘இன்னும் தெரியாது’ என்று எழுதிக் கொடுத்தார். கையெழுத்து தெளிவாக இருந்ததால் ஒப்பமிட்டேன்.

வகுப்பு மைதானத்துக்குச் சென்று வாயை மூடியது. வாகை மரத்தின் உச்சிக்கிளை வரை சென்று நின்றது. ஜெசிந்தா டீச்சர் கீழே குடையை விரித்து உட்கார்ந்துகொண்டு, “தோணுனதைக் கேளுங்க. நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லாதீங்க” என்றார். கேள்வி கேட்டுப் பழக்கமில்லாத பிள்ளைகள்.

கடைசியில் இசக்கியம்மாளின் குரல் வந்தது.

“டீச்சர், பூமி என்னைய இழுக்குல்லா? அப்ப நானும் பூமியை இழுக்கேனா?”

“இழுத்துத்தான் பாரேன்.”

அவள் இழுத்தாள். அவள் இறங்கினாள், தரையும் ஒரு சாண் எழும்பி அவள் பாதங்களை வாங்கிக்கொண்டது. மற்றவர்களும் தத்தம் கேள்விகளோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

“ஏல முப்பிடாதி, நீ மட்டும் அங்க என்ன பண்ணுத?” என்று கீழிருந்து கூவினார்கள்.

“டீச்சர், இது பரீட்சைக்கு வருமா?” என்று கேட்டான் முப்பிடாதி. அது போதவில்லை. வேறு கேள்வி கிடைக்கும் வரை அவன் கிளையிலேயே இருந்தான்.

போட்டியன்று பிற பள்ளி மாணவியர் தத்தம் ஈர்ப்போடு வந்திருந்தனர். இசக்கியம்மாள் வாயை இறுக மூடி ஓடினாள். கடைசி வளைவு வரை மஞ்சள் பனியன் அணிந்த ஒரு பெண் முன்னால் சென்றாள். அதன்பின் இசக்கியம்மாள் தலையை நிமிர்த்தி இறுதிக்கோட்டுக் கயிற்றைப் பார்த்தாள். அவள் கயிற்றை நோக்கிச் சென்றாள். கயிறு அவளை நோக்கி வந்தது. அதன் ஒரு முனையைப் பிடித்திருந்த சங்கரலிங்கம் சாரும், வரையறையை விடாமல் சொல்லியபடி, கூடவே வந்தார்.

பயிற்றுநர் இசக்கியம்மாள் ஓடிய தடத்தின் நீளத்தை நாடா கொண்டு அளந்தார். மற்றத் தடங்களைவிடச் சற்றுக் குறைவாக இருந்தது.

“எப்பவும் இப்படித்தான் ஓடுமாம்மா இந்தப் பிள்ளை?”

“இப்போதுதான் கற்றாள்” என்றேன்.

அவர் அவளைத் தேர்ந்தெடுத்தார்.

அவள் மேற்கே உள்ள விடுதிக்குப் பேருந்தேறிச் சென்ற மறுநாள் காலை, எங்கள் பள்ளி, பேருந்து நிறுத்தத்துக்குச் சற்று அருகில் வந்திருந்தது. அதன்பின் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மேற்கே நகர்கிறது. மேற்குத் தெருப் பிள்ளைகள் தாமதமாக வருவது நின்றுவிட்டது. சங்கரலிங்கம் சாரின் வீடு கிழக்கே இருப்பதால் அவர் முன்னதாகவே கிளம்பிவிடுகிறார்.