கடல் ஏறும்வரை

1928ஆம் வருஷம் ஐப்பசியில், மூன்று நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்த காலை, பினாங்குத் தீவில் சுங்கை பினாங் ஆறு கடலில் கலக்கும் சேற்றில் ஒரு திமிங்கலம் வந்து ஒதுங்கியது.

சவுந்தரம் வீட்டு வாசலில் புருஷனுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த பீட்டர் சந்துக்குள் வந்து நின்றான். நாறத் தொடங்குவதற்குள் அதை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும் என்று துரை உத்தரவு போட்டிருந்தாராம். திமிங்கலம் வெட்டத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டான். சந்தே சிரித்தது. எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்க்கும் அவள் புருஷன் பாக்கியநாதன் மட்டும் சிரிக்கவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றான்.

சவுந்தரத்தின் கை அப்படியே நின்றது. கல்யாணமாகி ஆறு வருஷம். தென்னாப்பிரிக்காவில் நெட்டாலில் பிறந்ததாகவும், கப்பலேறும்வரை அங்கே கரும்புத் தோட்டத்தில் இருந்ததாகவும்தான் அவன் அவளிடம் சொல்லியிருந்தான். காப்பியைக் கீழே வைத்துவிட்டு அவன் பின்னாலேயே நடந்தாள்.

கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எல்லாம் வடித்த கஞ்சியின் நிறத்தில் இருந்தது. நடுவில், கவிழ்த்துப் போட்ட தொங்கான் படகு போல, அது கறுப்பாகக் கிடந்தது. எண்ணெய் பிடித்துப்போகத் தகர டின்களோடும் பாராங் கத்திகளோடும் ஜனங்கள் நின்றார்கள். சீன மீனவர்கள் இருவர் சேற்றில் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சவுந்தரம் கிட்டே போன நேரம், அது மூச்சு விட்டது. வெகுநேரம் அழுது ஓய்ந்தவர் விடும் பெருமூச்சு மாதிரி இருந்தது. இளஞ்சூடான சாரல் அவள் முகத்தில் விழுந்தது. தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பாக்கியநாதன் அதன் விலாவில் உள்ளங்கையை வைத்தான்.

"உசுரு இருக்கு தம்பி. நான் வெட்ட மாட்டேன்."

"துரைகிட்ட என்னண்ணே சொல்றது?"

"ரெண்டு மணிக்குத் தண்ணி ஏறும். அதுவரைக்கும் டைம் கேளு லா. செத்துப்போச்சுன்னா நானே வெட்டித் தர்றேன்."

பீட்டர் தலையைச் சொறிந்துகொண்டு போனான். பாக்கியநாதன் கோணிச் சாக்குகளை நனைத்து அதன் முதுகில் போர்த்தினான். மூச்சுத் துளையை மட்டும் மூடாமல் விட்டான். துடுப்புகளுக்கு அடியில் சேற்றைத் தோண்டினான். மலாய் மீனவர் வீட்டுப் பெண் சித்தி ஹாஜரா நான்கு வாளிகள் கொண்டுவந்தாள். டின்னோடு வந்தவர்களிலும் சிலர் டின்னில் தண்ணீர் மொண்டு ஊற்றினார்கள். சவுந்தரமும் ஊற்றினாள். சாக்குக்குக் கீழே அதன் கண் தெரிந்தது. மாட்டின் கண்ணைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதைப் பார்த்தபடி நின்றவளுக்குத் தானும் ஏதோ ஆழத்தில், சத்தமில்லாத பச்சைத் தண்ணீருக்குள் நிற்பதுபோல் இருந்தது.

அப்போதுதான் அவன், அவள் முகத்தைப் பாராமலே, சொல்லத் தொடங்கினான்.

நெட்டால் கரையில், ஒரு மலைக்குப் பின்னால், நார்வேக்காரர்கள் திமிங்கலக் கொட்டடி போட்டார்கள். ஆரம்பத்தில் பீரங்கி வைத்த இரண்டே படகுகள். மலைமேல் ஏறி நின்றாலே கடலில் திமிங்கலங்கள் மூச்சு ஊதுவது தெரியுமாம். கொன்றதைப் பலகைச் சரிவில் நீராவி இயந்திரம் இழுத்தேற்றும். நீளக் காம்புக் கத்தியால் கொழுப்பைப் பாளம் பாளமாக உரித்துக் கொதிகலனில் போடுவார்கள். அவன் முதலில் கரி அள்ளிப் போட்டான்; பிறகு கையில் கத்தி கொடுத்தார்கள். வருஷம் போகப் போகப் படகுகள் பத்தாயின, திமிங்கலங்கள் குறைந்தன. இரண்டு நாள் ஓடினால்தான் ஒன்று கிடைக்கும் என்றானது. கிடைத்ததும் சிறிது. எட்டு வருஷம் அங்கே இருந்தான்.

"கடைசியா ஒரு தாய் வந்துச்சு. வயித்தைக் கிழிச்சேன். உள்ள குட்டி, தூங்குற மாதிரி. அதையும் பாய்லர்ல போடச் சொன்னாங்க." வாளியைக் கீழே வைத்தான். "நான்தான் போட்டேன், சவுந்தரம்."

அடுத்த மாதமே கரிக்கப்பலில் ஏறி, பினாங்கில் இறங்கிவிட்டான்.

சவுந்தரம் குனிந்தாள். அவன் வைத்த வாளியை எடுத்து மொண்டு ஊற்றினாள்.

மத்தியானம் கடல் ஓசையில்லாமல் ஏறியது. முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. சாக்குகள் ஒவ்வொன்றாய் மிதந்து விலகின. பாக்கியநாதனும் மீனவர்களும் தோள் கொடுத்து அதன் தலையைக் கடல் பக்கம் திருப்பினார்கள். வால் ஒருமுறை அசைந்ததில் எல்லோரும் தண்ணீரில் விழுந்தார்கள். எழுந்து பார்த்தபோது அது ஆழத்துக்கு நழுவிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒருதரம் வெள்ளையாக மூச்சு எழும்பியது. அதற்கப்புறம் எதுவும் தெரியவில்லை.

திரும்பி வந்திருந்த பீட்டர் தன் தாளில் என்னவோ எழுதிக்கொண்டு போனான். ஒரு வாரம் முழுக்கப் பாக்கியநாதன் ஆலை விட்டதும் ஆற்றுமுகத்துக்குப் போய் மீனவர்களிடம் விசாரித்தான். எங்கும் எதுவும் கரை ஒதுங்கவில்லை என்றார்கள். பிழைத்ததா என்பதும் யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது சவுந்தரம் கேட்டாள்: "அந்தக் கொட்டடியில என்னங்க சாப்பிடுவீங்க?"

அவன் நின்றுவிட்டான். இத்தனை நாளில் அந்த இடத்தைப் பற்றி யாரும் அவனிடம் எதுவும் கேட்டதில்லை.

"சோறும் பருப்பும்தான். சமையல்காரரு தினம் உப்புப் போட மறந்துருவாரு."

அவள் சிரித்தாள். அவன் அந்தச் சமையல்காரரின் பெயரைச் சொன்னான். பிறகு படகுகளின் பெயர்களை. வீடு வந்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தான்.