ஒற்றைக்கண்ணனும் இரண்டு தெர்மல்களும்

இருளை வெல்ல மனித குலம் நடத்திய நெடும்போர், குகை வாசலில் நெருப்பு மூட்டியதில் தொடங்கி, டெக்சாஸில், லியோன் ஆற்றங்கரையில், பர்ல் ஸ்டோவாலின் பிக்கப் வண்டிக்குள் முழு வெற்றியோடு முடிந்தது. இதை அறிவித்தவர் பர்ல் ஸ்டோவால். அறிவிக்கும்போது அவர் மடியில் வெங்காயம் தூக்கலாக வைத்த மாட்டிறைச்சி சாண்ட்விச் இருந்தது. வண்டியில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து இருக்கையில் இருந்த ஹாலிஸ் டாக்கெட்டுக்கு இருளை வெல்லும் ஆசையெல்லாம் கிடையாது. பன்றிகளிடமிருந்து நிலக்கடலை தப்பினால் போதும். அந்த வருடம் இரண்டு முறை விதைத்தான். இரண்டு முறையும் காட்டுப்பன்றிகள் வந்து, விதைத்த வரிசை பிசகாமல், மூக்கால் உழுதுகொண்டே போய், ஒரு பருப்பு மிச்சமில்லாமல் தின்றுவிட்டன. விதைக்கிற இயந்திரம்கூட அவ்வளவு நேராகப் போனதில்லை. வயிறு எரிந்தாலும், காலையில் அந்தக் கோட்டைப் பார்த்தபோது ஹாலிஸுக்குத் தன்னையறியாமல் ஒரு மரியாதை வந்தது.

நிலம் அவனுடையதல்ல. குத்தகை. உடைமைக்காரி இமோஜின் வாஸ், கணவனைப் புதைத்த பிறகு ஊரில் யாருக்கும் பயப்படாதவள். மூன்றாவது விதைப்பு நடக்கும்போது வரப்பில் வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியாகவே சொன்னாள்:

"ஹாலிஸ், இதுவும் பன்னி வயித்துக்குள்ள போச்சுன்னா நிலத்தை சோலார் கம்பெனிக்குக் குடுத்துடுவேன். திங்கக்கிழமை கையெழுத்து வாங்க வர்றாங்க. பன்னி எதை வேணா திங்கும், கண்ணாடிப் பலகையைத் திங்காது."

"சரிங்க, மிஸ் இமோஜின்."

துப்பாக்கி இருந்தது. இருட்டில் பார்க்கக் கண்தான் வேண்டும். ஆகவே ஹாலிஸ் நடீன் ப்ரூயிட்டின் கடைக்குப் போனான். முன்பக்கம் மாட்டுத்தீவனம், பின்பக்கம் துப்பாக்கி, நடுவில் எப்போதும் காப்பி குடித்துக்கொண்டிருக்கும் நாலைந்து நிபுணர்கள். கூடவே மனைவியின் அண்ணன் பர்லும் போனார். அழைக்கவில்லை. ஆனால் தனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உலகில் இருப்பதாக பர்ல் சொல்லி ஹாலிஸ் இதுவரை கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் பக்கத்தில் நின்றால் அவனுக்குத் தைரியம்.

நடீன் இரண்டு தெர்மல்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். உடம்புச் சூட்டை வெளிச்சமாக்கிக் காட்டும் ஸ்கோப்புகள், துப்பாக்கிமேல் மாட்டிக் கண் வைத்துப் பார்க்கும் குழல்கள். ஒன்று பெரியது, முழங்கை நீளம்; இரண்டு மைல் தள்ளி நிற்கும் சூட்டையும் கண்டுபிடிக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. மற்றது சின்னது. அகலமாகக் காட்டும், அவ்வளவுதான். விலை பாதி.

"ரெண்டு மைலுக்கு அந்தாண்ட இருக்கறது பன்னியா, பாதிரியாரான்னு அதால சொல்ல முடியாது," என்றாள் நடீன். "ஏதோ சூடா இருக்குன்னு மட்டும் சொல்லும். உன் வயல் எவ்வளவு நீளம், ஹாலிஸ்?"

"கால் மைல்."

"அப்புறம் என்ன?"

பர்ல் பெரியதைக் கையில் ஏந்தி, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "மாப்ள, வயலைப் பாத்து ஸ்கோப் வாங்கறவன் விவசாயி. வரப்போறதைப் பாத்து வாங்கறவன் வேட்டைக்காரன்."

காப்பிக்காரர்கள் தலையாட்டினார்கள். அர்த்தம் புரிந்து ஆட்டியதாகத் தெரியவில்லை. நடீன் சலித்துப்போய் இரண்டையுமே கொடுத்தனுப்பினாள். "ஒரு வாரம் பாருங்க. எது வேணுமோ வச்சுக்கங்க. இன்னொண்ணு கீறல் இல்லாம வரணும். பெட்டியில ஒரு புத்தகம் இருக்கு, படிங்க."

"புத்தகம் தெரியாதவனுக்கு," என்றார் பர்ல்.

அன்று பொழுது சாய்ந்ததும் இருவரும் வயலின் நடு வரப்பில் வண்டியை நிறுத்தினார்கள். பன்றிக்கு மோப்பம் அதிகம் என்று பர்ல் ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே பெரியதைத் தூக்கி ஒரு கண்ணில் வைத்தார். வைத்தவர் மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"மாப்ள! அசையாத. கிழட்டு ஆண் பன்னி. நேரா என்னையே பாக்குறான். யப்பா, என்ன தலை! மூக்கைப் பாரு, நுனி வட்டமா தட்டு மாதிரி. ஒரு கண்ணு இல்ல, அந்த இடத்துல கருப்பா ஒரு குழி. எத்தனை சண்டை போட்டிருக்கணும்!"

சுடுவதற்காக ஜன்னலை இறக்கினார்கள். பன்றி மாயமாகிவிட்டது. பெரிய ஸ்கோப்பில் ஒரு கருவேல மரத்தின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. ஏற்றினார்கள். வந்து நின்றது.

"கேலி பண்றான்!" என்றார் பர்ல், மெய்சிலிர்த்து. "இந்த மாதிரி பன்னியை என் ஆயுசுல பாத்ததில்ல."

அதன் பிறகு ஹாலிஸ் வாங்கிப் பார்த்தான். அவனுக்கும் பன்றி தெரிந்தது, ஆனால் சற்று ஒல்லி. கருப்புக் குழியும் இல்லை.

"அது இவன் மகன்," என்றார் பர்ல், தயங்காமல்.

சின்னதிலும் பார்த்தார்கள். அதே பன்றி, அளவில் சிறுத்து. பர்லுக்கு அதோடு தீர்ப்பு முடிந்தது: "இவ்வளவு பெரிய பன்னியையே குட்டியாக்கிட்டா அது என்ன ஸ்கோப்பு? இதை உன் துப்பாக்கியில சும்மா மாட்டி வை. வாங்கறது பெருசுதான்."

அந்த வாரத்துக்குள் ஒற்றைக்கண்ணன் ஊர் முழுக்கப் பிரபலமாகிவிட்டான். எடை நாளுக்கு நாள் ஏறியது. ஸ்கோப்பிலேயே படம் எடுக்கும் வசதி இருந்ததால், ஒரு படமும் நடீன் கடைச் சுவரில் ஏறியது. குழி தெரியவில்லையே என்று ஒருவன் கேட்டான். தலையைத் திருப்பியிருக்கிறான் என்று பர்ல் விளக்கி, படத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். ஹாலிஸ் பக்கத்தில் பெருமையாக நின்றான். பெருமை காலைவரைதான். காலையில் வயலின் அந்தக் கோடியில் இன்னும் நாலு வரிசை, கோடு பிசகாமல், காலியாகிக் கிடக்கும்.

சனிக்கிழமை மாலை இமோஜினே வந்துவிட்டாள். அகலமான வைக்கோல் தொப்பியோடு பிக்கப்பில் ஏறி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். "எங்க அந்தப் பன்னி? காட்டு."

திங்கட்கிழமைக்கு இடையில் ஒரு நாள்தான் இருந்தது. நன்றாக இருட்டியதும் பர்ல் பெரியதைப் பார்த்து, "வந்துட்டான்," என்று கிசுகிசுத்து, பூஜைப் பொருளைத் தருவதுபோல அவளிடம் நீட்டினார்.

இமோஜின் ஹாலிஸ் பக்கத்து ஜன்னல் வழியாக வெகுநேரம் பார்த்தாள்.

"பர்ல், இந்தப் பன்னி தொப்பி போட்டிருக்கு."

"சேறுங்க, மிஸ் இமோஜின். தலையில சேறு அப்பியிருக்கும்."

அவள் தலையை ஆட்டினாள். பன்றியும் ஆட்டியது. நாக்கை நீட்டினாள். பன்றியும் நீட்டியது.

"ஜன்னலை இறக்கு, ஹாலிஸ்."

"மோப்பம்..." என்று ஆரம்பித்தார் பர்ல்.

"உன் வெங்காய வாடையில பன்னி என்னை எங்கடா மோப்பம் பிடிக்கப்போகுது? இறக்கு. இத்தனை நாளும் அவங்கவங்க மூஞ்சியைத்தான் பாத்திருக்கீங்க. சூடு கண்ணாடியைத் தாண்டாது போல, திரும்பி வருது. மூக்குன்னு சொன்னது இந்த ஸ்கோப்பு. கண்ணுல குழின்னியே, அது உன் மூக்குக்கண்ணாடி."

ஹாலிஸ் ஜன்னலை இறக்கினான். துப்பாக்கியை ஜன்னல்மேல் வைத்து, அதில் மாட்டியிருந்த சின்ன தெர்மலில் கண்ணை வைத்தான்.

ஐயோ, என்ன காட்சி! கருத்த வயலில் யாரோ வரிசையாக விளக்கேற்றி வைத்ததுபோல இருந்தது. இருபதுக்கு மேல். முன்னால் ஒரு தாய்ப்பன்றி, வாணலி மாதிரி ஜொலித்துக்கொண்டு, மூக்கை மண்ணில் வைத்து நேர்கோட்டில் வந்தது. பின்னால் குட்டிகள், ஆளுக்கொரு வரிசை, ஒன்றை ஒன்று இடிக்காமல். பன்றி நின்ற இடத்தில் அதன் சூடு மண்ணில் ஒரு கணம் தங்கி அணைந்தது. காது மடிவதுகூடத் தெரிந்தது. வயலின் பாதி அகலம் ஒரே பார்வைக்குள் அடங்கியிருந்தது.

பர்ல் தன் பக்கத்து ஜன்னலை இறக்கி, பெரியதை அவசரமாக நீட்டினார். "எனக்கு ஒரே வெள்ளையா இருக்கு. சுவர் மாதிரி."

"அது ஒரு பன்னியோட வயிறு," என்றாள் இமோஜின், அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்துவிட்டு. "ஹாலிஸ், முன்னால போறது அம்மாக்காரியாத்தான் இருக்கும். அவளை மொதல்ல."

அவன் சுட்டான். தாய்ப்பன்றி அதே வரிசையில் படுத்தது. வழிகாட்டி இல்லாமல் மற்றவை ஒரு கணம் திகைத்து நின்றன. அந்தத் திகைப்பில் இன்னும் நாலு விழுந்தன. மீதி ஆற்றை நோக்கி ஓடின. பிறகு நெடுநேரம் வயல் கருப்பாகவே இருந்தது.

"எனக்கே சுடணும்போல இருந்துச்சு," என்றாள் இமோஜின். "சின்னதை வாங்கு. திங்கக்கிழமை வர்றவங்களுக்கு காப்பி குடுத்து அனுப்பிடறேன். அறுப்பு வரைக்கும் இந்த வண்டி ஜன்னல் ஏறக்கூடாது."

திங்கட்கிழமை நடீன் கடையில் வழக்கத்தைவிடக் கூட்டம். இமோஜினுக்கு ரகசியம் காக்கும் பழக்கம் இல்லை. காப்பிக்காரர்கள் பர்லைச் சுவர்ப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"போட்டோவுல நல்லாத்தான்யா இருக்கே!"

"எடை எவ்வளவுன்ன? ஆமா, சரியாத்தான் சொல்லியிருக்க."

பர்ல் கோபப்படவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, "அந்த மாதிரி பன்னியை என் ஆயுசுல பாத்ததில்லன்னு சொன்னேன். இப்பவும் அதையேதான் சொல்றேன்," என்றார். அப்படி ஒரு மனிதன் தன் குடும்பத்தில் இருப்பதை நினைத்து ஹாலிஸ் நிஜமாகவே பெருமைப்பட்டான். சின்ன தெர்மலை நெஞ்சோடு அணைத்தபடி, எல்லோரையும்விட அவன்தான் உரக்கச் சிரித்தான்.

பர்ல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு ஹாலிஸைப் பார்த்தார். ஒரு காப்பி கேட்டார்.

அந்தப் படத்தை எடுத்தது ஹாலிஸ். படத்தில் இருப்பது அவன் முகம்.