கட்டைவிரல்

மூன்றாவது டிராயரையும் ஷாமினி தரையில் கவிழ்த்துவிட்டாள். பூமாலை வந்தாயிற்று, சட்டம் வந்தாயிற்று, அதற்குள் வைக்க அப்பாவின் படம்தான் இல்லை. மூன்று மணிக்கு வண்டி வந்துவிடும். நாற்பது வருஷம் கிள்ளான் ஊர் பூராவும் கேமராவும் கையுமாக அலைந்த மனுஷனுக்கு ஒரு படம் கிடையாதாம்! இதை யாரிடம் போய்ச் சொல்வது?

"கல்யாணப் படத்துல வெட்டி எடுத்துக்கலாம்லா," என்றாள் அம்மா ரமணி, கூடத்தில் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தபடி.

"இருபத்தாறு வயசுப் பையனுக்கா மாலை போடறது? சும்மா இரும்மா."

கட்டிலடியில் இருந்த பெட்டியை இழுத்தாள். பிரிக்ஃபீல்ட்ஸில் அப்பா வைத்த கண்காட்சியில் இடம் போதாமல் திரும்பி வந்த பெரிய படங்கள். பார்த்ததும் பழைய எரிச்சல் வந்தது. பத்திரிகையில் இருந்தவரை அப்பா பக்கிரிசாமிக்குப் பாதி வேலை சாவு வீடுகளில்தான். விபத்தோ கொலையோ, போய் நின்று, செத்தவரின் படத்தைக் கேட்டு, அதைப் படமெடுத்து வரவேண்டும். வீட்டுக்காரர் யாராவது அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பேப்பரில் முகம் மட்டும் வரும். வேலையை விட்டதும் அந்த நெகட்டிவ்களைத் தூசி தட்டி, வெட்டாமல், பிடித்திருந்த கைகளோடு பெரிதாக்கிக் கண்காட்சியில் மாட்டிவிட்டார்.

"ஊரான் வீட்டு எழவை மாட்டி வெச்சு வேடிக்கை காட்டுறீங்களே, வெட்கமா இல்லையாப்பா?" என்று போன மாதம் கேட்டாள். திறப்பு விழாவுக்கும் போகவில்லை.

"வந்து பாரும்மா, அப்புறம் திட்டு," என்றார். நேற்றுக் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார்.

போயிருந்தால் மட்டும் புரிந்திருக்குமா? மோதிரம் போட்ட விரல், நகப்பூச்சு, மாவு ஒட்டிய கை. இதில் என்ன கலை இருக்கிறது? ஒவ்வொன்றாகப் புரட்டினாள், ஒன்றும் பிடிபடவில்லை. அழுகை மட்டும் பொத்துக்கொண்டு வந்தது.

"ஷாமினி..."

வாசலில் ரெங்கசாமி. அப்பாவின் பழைய பேப்பரில் இன்னும் நிருபராக இருப்பவர். "நாளைக்குச் செய்தி போடணும்மா. ஆபீஸ்லயும் அவன் படம் ஒண்ணுகூட இல்ல. ஏதாச்சும் இருக்கா?"

அப்போதுதான் அப்பாவின் பர்ஸ் ஞாபகம் வந்தது. ஐசியை உருவிக்கொண்டு வந்தாள். அடையாள அட்டையில் அப்பா முறைத்துக்கொண்டிருந்தார்.

"இதான் அங்கிள் இருக்கு. இதையே பெருசாக்கிச் சட்டத்துலயும் போட்டுடலாம்."

"வெளிச்சத்துக்கு வாம்மா. நெஞ்சுக்கு நேரா பிடி." ரெங்கசாமி போனைத் தூக்கினார். "ஆட்டாத. விரல் விழுது... பரவால்லலா, வெட்டிக்கலாம்."

ஷாமினி குனிந்து தன் கட்டைவிரலைப் பார்த்தாள். காலையில் அப்பாவின் நெற்றியில் பூசிய திருநீறு நகக்கண்ணில் அப்படியே இருந்தது.

"அங்கிள், வெட்டினது சட்டத்துக்கு. வெட்டாதத எனக்கு அனுப்புங்க."

"அது எதுக்கும்மா?"

"தெரியல அங்கிள்."

ரெங்கசாமி போனைப் பையில் போட்டுக்கொண்டு அம்மாவிடம் போய்விட்டார். ஷாமினி வாசல் வெளிச்சத்தில், ஐசியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி, ஆடாமல் நின்றுகொண்டிருந்தாள்.