மீன்பெட்டிக்குள் வந்த இரத்தம்

1

இந்தக் கதை என் பிழையிலிருந்து பிறந்தது. எந்தப் பிழை என்று மூன்றாம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் என்னை உங்களுக்குப் பிடிக்காமல் போய்விடும்.

முதல் தொடக்கம்: ‘நெடுந்தீவுக் கடல் நீலமாக விரிந்து...’

[வெட்டிவிட்டேன். இப்படி எழுதுகிறவர்கள் அந்தக் கடலில் வள்ளம் ஆட ஆடச் சத்தியெடுத்துக்கொண்டு கம்பஸுக்குப் போனதில்லை.]

இரண்டாவது தொடக்கத்தில் கதாநாயகன் ஒரு பிறபொருளெதிரி, அதாவது அன்ரிபொடி. முயலின் உடலில் உண்டாக்கியது. சின்னக் குப்பியில் எங்கள் யாழ்ப்பாண ஆய்வுகூடத்துக்கு வந்தது. இரத்தம் உறைய உதவும் ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும். புரதம் போதியளவு இருந்தால் பரிசோதனைத் தட்டிலுள்ள குழி கடும் மஞ்சளாகும், குறைந்தால் வெளிறும். அழாது, பொய் சொல்லாது, சீதனம் கேட்காது. நல்ல மாப்பிள்ளை. ஆனால் அதை மட்டும் வைத்துக் கதை...

2

ஆகவே கதாநாயகி, நெடுந்தீவு மாக்கிறேற். வயிற்றுக் கட்டிக்குத் திங்கட்கிழமை சத்திரசிகிச்சை. முன்பு பல்லுப் பிடுங்கியபோது இரண்டு நாள் இரத்தம் நிற்கவில்லை என்று சொன்னதால் வைத்தியர் இந்தப் பரிசோதனையைக் கேட்டார். புரதம் குறைவென்றால் இங்கே கத்தி வைக்கமாட்டார்கள், கொழும்புக்கு அனுப்புவார்கள். [கட்டி அதுவரை பொறுக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள்.]

தீவு ஆஸ்பத்திரியில் எடுத்த இரத்தத்தை அவருடைய கணவர் மனுவேல் வியாழக்கிழமை கொண்டுவந்தார். குழி வெளிறியது. ‘குறைவு’ என்று அடித்துக் கையெழுத்து வைக்கப்போனேன். குழாயில் மீன் மணத்தது.

3

“அண்ணை, இதை எதுக்குள்ள வைச்சுக் கொண்டுவந்தனீங்கள்?”

“ஐசுப் பெட்டிக்குள்ள. பாரைமீனை ஒரு பக்கம் ஒதுக்கிப்போட்டு, அவளின்ர ரத்தத்தை நடுவில வைச்சனான்.”

“ரத்தத்தைக் குளிரில வைக்கக்கூடாது. குளிர்ந்தா, இருக்கிற புரதமும் குறைவாத்தான் காட்டும்.”

“பின்னை, பழுதாகக்கூடாத சாமானை வெயிலுக்குள்ளயோ வைக்கச் சொல்லுறீர்?”

“குழாயைச் சுத்தியிருந்த தாளில எழுதியிருக்கே, குளிரில வைக்காதேங்கோ எண்டு.”

“இங்கிலீசில. ஆர் பிள்ளை அதை எழுதினது?” *

* நான். வீட்டில் முதல் பட்டதாரி. மேலதிகாரிக்கு என் இங்கிலீசைக் காட்ட வேண்டியிருந்தது. சனத்துக்கு விளங்குகிற மாதிரி ஒருத்தரும் எழுதுவதில்லை என்று நாலு வருஷம் கம்பஸில் கத்தித் திரிந்தவளும் நான்தான்.

4

முடிவு அ: பேசாமல் கையெழுத்து வைக்கிறேன். [எழுதினேன். வெட்டினேன்.]

முடிவு ஆ: பிறபொருளெதிரி பழுது என்று எழுதித் தப்புகிறேன். பாவம், அது இருந்ததைத்தான் பிடித்தது.

நடந்தது: வெள்ளிக்கிழமை மாக்கிறேற் தானே வள்ளமேறி வந்து கையை நீட்டினார். “இந்தமுறை ரத்தம் எனக்குள்ளயே வந்திருக்கு, பிள்ளை. இந்தச் சூடு போதுமோ?”

தாளைத் தமிழில் திருப்பி எழுதிக் குழாய்களில் ஒட்டிவிட்டேன். குழியும் நிறம் காட்டிவிட்டது. என்ன நிறம் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். அது அவருடைய இரத்தம். வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். முதலில் அவருக்கு.

கொஞ்சம் விலகுங்கள், கதவைத் திறக்கவேண்டும்.