கிழக்கே ஒரு புள்ளி

வரைபடத்தில் சுபத்ரா வைத்த புள்ளி தான்சானியாவில் இருந்தது. மற்ற புள்ளிகள் எல்லாம் மேற்கு ஆப்பிரிக்காவில். கால்களுக்கு இடையே உள்ள சவ்வைத் தாண்டி வால் எலிவால்போல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வௌவால் இனம். அது எங்கெல்லாம் வாழ்கிறது என்பதுதான் எங்கள் இருவரின் கட்டுரை. அந்த ஒரு புள்ளி உண்மையானால் இனம் கண்டத்தின் மறுகரை வரை பரவியிருக்கிறது. சுபத்ரா என் மனைவி. போன ஆண்டு இறந்துவிட்டாள். கட்டுரையை நான் முடித்துக்கொண்டிருந்தேன்.

ஜெர்மனியின் பான் நகரில், அருங்காட்சியகம் ஒன்றில் எனக்கு ஜன்னலோர மேசை. வெயில் வரும். வேலை நடக்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை.

எதிர் மேசையில் தேனுஜா. பக்கத்து வுப்பர்டால் நகரில் பிறந்த ஈழத்துப் பெண்; என்னைப்போல அவளும் ஆய்வு செய்பவள். அன்று வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நவநீத் அண்ணை, கோவிக்காதேங்கோ. உந்தக் கிழக்குப் புள்ளி எனக்குச் சரியாப் படேல்லை."

"ஏன்? முடி செம்பழுப்பு. அந்த ஸ்பீஷீஸோட கலர்தானே."

"ஆல்கஹாலுக்குள்ள அம்பது வருசம் கிடந்தா நானும் சிவப்பாத்தான் இருப்பன்."

சிரித்தேன். அவள் சொன்னது சரி. போத்தலில் கிடக்கும் பழுப்பு வௌவால் மெல்லச் சிவக்கும். எங்கள் துறையில் அப்படி ஏமாந்தவர்கள் உண்டு. மண்டையோட்டை எடுத்துப் பல்லைப் பார்க்க வேண்டும். சுபத்ரா எடுக்காமல், நிறத்தை வைத்தே புள்ளி வைத்திருந்தாள். தான்சானியாவின் அந்த ஊரிலிருந்து வந்த ஒரே வௌவால்; கீற அவளுக்கு மனம் வரவில்லை.

"எடுப்பமே, இல்லாட்டி விடுவமே? உங்கட முடிவு," என்றாள் தேனுஜா.

விட்டால் புள்ளி இருக்கும். சுபத்ராவின் கண்டுபிடிப்பாக அச்சில் வரும்.

"எடுத்துடலாம். நானே பண்றேன்."

வாயோரம் கீறித் தோலை விலக்கி, சின்ன மண்டையோட்டை வெளியே எடுத்தேன். நுண்நோக்கியில் மேல்வரிசையின் கடைசிப் பல்லைப் பார்த்தேன். எங்கள் இனமென்றால் அதன் முகட்டில் மூன்று மடிப்பு இருக்க வேண்டும். இரண்டுதான் இருந்தது.

"நம்ம ஆள் இல்ல. நீயும் பாரு."

பார்த்தாள். "ஓம். இது அங்க கூரைக்குக் கூரை கிடக்கிற சாதி." நுண்நோக்கியிலிருந்து நிமிர்ந்து கேட்டாள்: "சுபத்ரா அக்கா இருந்திருந்தா?"

"சாயங்காலம் வரைக்கும் சண்டை போட்டிருப்பா. அப்புறம், இதை ஏன் முதல்லயே பாக்கலன்னு என்னைத் திட்டியிருப்பா."

புள்ளியை அழித்தேன். இனம் மேற்கோடு நின்றது. வரைபடம் ஒழுங்காக இருந்தது, பார்க்கப் பிடித்திருந்தது. முதல் ஆசிரியர் என்ற இடத்தில் சுபத்ராவின் பெயரை அப்படியே விட்டு, கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினேன்.