டின் மீனும் வாழைப்பழமும்

அன்று மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் தம்பி, அவனை ஊரே பன்னு என்றுதான் கூப்பிடும், அப்பாவின் ரொட்டிக் கடையை இப்போது நடத்துகிறவன். அவனுடைய மகள், அன்றைக்குச் சமைத்தவள். அவள் புருஷன், கழுத்தில் கேமராவோடு. ஐந்தாவது ஆள், ஒரு பதிப்பகத்திலிருந்து வந்த அம்மா. வேறு யாரும் இல்லை.

எங்கள் அப்பா ரொட்டி சுட்டு விற்றவர். ரொட்டியைக் கொடுத்து அனுப்பினால் போதாது, அதை வைத்து என்ன செய்வது என்றும் ஜனங்களுக்குச் சொல்லித் தரவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. சாண்ட்விச் வகைகளைத் தானே யோசித்து, தானே எழுதி, தன் செலவிலேயே புத்தகமாக அச்சடித்து, ரொட்டி வாங்க வந்தவர்கள் கையில் திணித்து அனுப்பினார். அட்டையில் ஒரு முழு ரொட்டியின் படம், அதன் கீழே அவர் பெயர். எங்கள் குடும்பத்தில் அச்சில் பெயர் வந்த மனிதர் அவர் ஒருவர்தான். சாவதற்கு முன் கடை தம்பிக்கு, புத்தகம் எனக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அதில் குறை கிடையாது. கடையில் கரப்பான் வரும், புத்தகத்தை நான் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன்.

அந்தப் புத்தகத்தைத்தான் மறுபடி அச்சிடப் போகிறார்கள் என்று தம்பி மகள் வந்து சொன்னாள்.

"பெரிய பதிப்பகம் அத்தை. புத்தகத்துல இருக்கறத செஞ்சு, சாப்பிட்டு, படம் எடுத்துப் போடுவாங்களாம். நீங்க சரின்னு சொன்னா போதும்."

"பேரு?"

"தாத்தா பேருதான்."

"உள்ளயா, அட்டையிலயா?"

"அட்டையிலயேதான் அத்தை. கொட்டை எழுத்துல."

நான் சரி என்றேன். படம் எடுக்கிற அன்றைக்குக் கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். அப்பாவின் சார்பில் போகிறேன் அல்லவா?

தம்பி வீடு கடைக்கு மேல் மாடி. கீழே அடுப்பு எரிந்தால் மேலே தரை சுடும். மாப்பிள்ளை அது போதாதென்று இரண்டு பக்கமும் விளக்கை வைத்து மேசையை வெயிலில் போட்ட மாதிரி ஆக்கியிருந்தார். அந்த வெளிச்சத்தில் முதல் தட்டு வந்தது.

எங்கள் வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. தட்டில் விழுந்ததைத் தின்று முடிக்கவேண்டும். சமைத்தவர் எதிரில் முகம் சுளிக்கக் கூடாது. "நல்லா இல்ல" என்ற பேச்சு எங்கள் சாப்பாட்டு மேசையில் கேட்டதே கிடையாது. அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

முதலாவது, ஈரலும் ஜாமும். ஈரலை வேகவைத்து மசித்து ரொட்டியில் தடவி, அதன்மேல் சிவப்பு ஜாம். பார்க்க ஆறாத புண் மாதிரி இருந்தது. வாயில் வைத்ததும் இனிப்பு. 'இவ்வளவுதானா' என்று நினைப்பதற்குள் அந்த இனிப்புக்கு அடியிலிருந்து துருப்பிடித்த ஆணியைச் சப்பிய ருசி ஒன்று எழும்பி வந்து, மாவு மாவாக அண்ணத்தில் அப்பிக்கொண்டது. நாக்கால் தள்ளினால் நாக்கில் ஒட்டியது. நான் நிமிர்ந்து உட்கார்ந்து மென்றேன்.

"எப்படிம்மா இருக்கு?" என்று பதிப்பக அம்மா கேட்டார். அவருக்கு முன்னாலும் ஒரு தட்டு இருந்தது. அவர் ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டு, உடனே காகிதத்தில் துப்பி மடித்து வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். வெளியாள். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

"சத்துள்ள பண்டம்" என்றேன்.

பன்னு மென்றுகொண்டே இருந்தான். அவன் நெற்றியில் வியர்வை பொட்டுப் பொட்டாக இருந்தது.

இரண்டாவது, முட்டைக்கோஸ் ஜெல்லி. முட்டைக்கோஸை அவித்து, எலுமிச்சை ஜெல்லியில் போட்டு உறைய வைத்து, துண்டு போட்டு, வெண்ணெய் தடவிய ரொட்டிக்கு நடுவில் வைக்கவேண்டும் என்று அப்பா எழுதியிருக்கிறார். விளக்குச் சூட்டில் வைக்கக் கூடாது என்று எழுதவில்லை. பச்சை ஜெல்லி உருகி, ரொட்டி தரை துடைத்த துணி போலத் தொய்ந்து, உள்ளே கோஸ் இழைகள் வடிகாலில் சிக்கிய முடி மாதிரி தொங்கின. வாசனையைப் பற்றி என்ன சொல்ல? வாய் கொப்புளிக்காத ஒருவர் மூக்குக்கு நேராக வந்து நின்று நலம் விசாரிக்கிற மாதிரி. கடித்தால் பல்லில் படாமல் வழுக்கிக்கொண்டு தானே உள்ளே போனது. வாசனையைவிட அதுதான் அருவருப்பு. நம்மைக் கேட்காமல் ஒன்று நமக்குள் இறங்குகிறது.

"அப்பா, தண்ணி வேணுமா?" என்று தம்பி மகள் பன்னுவைக் கேட்டாள்.

"வேண்டாம். வயித்துல இடமில்ல."

"ரெண்டுதானேப்பா ஆச்சு?"

"இது ரெண்டும் உள்ள சண்ட போட்டுக்கிட்டிருக்கு. தண்ணி ஊத்தினா நீச்சல் அடிக்கும்."

"பன்னு" என்றேன். அவன் வாயை மூடிக்கொண்டான். ஐம்பத்தெட்டு வயசு, இன்னும் என் குரலுக்கு அடங்குவான்.

மூன்றாவது, டின் மீனும் வாழைப்பழமும். டின்னில் அடைத்த மீனை எண்ணெயோடு கொட்டி, பழுத்த வாழைப்பழத்தை வட்டமாக நறுக்கி மேலே அடுக்கி, கடுகுச் சாந்து பூசி, கடைசியில் டின் பாலை ஊற்றி மூடவேண்டும். தட்டு வந்தபோது பழம் கறுத்து மீன் எண்ணெயில் நகர்ந்துகொண்டிருந்தது. மேல் ரொட்டியை மாப்பிள்ளை படத்துக்காகச் சற்றுத் தூக்கினார். உள்ளே மீனின் வெள்ளித் தோல் பாலில் மிதந்தது. அவர் தூக்கியிருக்க வேண்டாம்.

நான் கடித்தேன். தொண்டை வேண்டாம் என்றது. நான் அதைக் கேட்கவில்லை.

"அப்படியே இருங்கம்மா! அசையாதீங்க!" பதிப்பக அம்மா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "எடுங்க சார், இந்த மூஞ்சிய எடுங்க. இதுதான் அட்டை!"

"அட்டையில ரொட்டிதானே இருக்கணும்?" என்றேன்.

"அது பழைய அட்டைம்மா. இது எங்க 'எப்படித்தான் தின்னாங்களோ' வரிசையில வருது. பழைய சமையல் புத்தகம் ஒண்ண எடுக்கறது, செஞ்சு பாக்கறது, தின்னவங்க படுற பாட்ட படம் எடுத்துப் போடறது. சக்கப் போடு போடுது. மத்தவங்கல்லாம் அய்யய்யோன்னு சுளிப்பாங்க. நீங்கதான் முதல் ஆளு, செல மாதிரி உக்காந்து தின்னுறீங்க! பாக்கப் பாக்க சிரிச்சு எனக்கு வயிறு வலிக்குது."

அவர் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே, பாராட்டாகத்தான் சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. முகம் சுளித்தால் அப்பாவைப் பார்த்துச் சிரிப்பார்கள். சுளிக்காவிட்டால் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள். அப்பாவின் பெயருக்காக நான் நிமிர்ந்து உட்கார்ந்ததே அவர்களுக்கு வேடிக்கை.

தம்பி மகளைப் பார்த்தேன். அவள் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"சொன்னா நீங்க வரமாட்டீங்க அத்தை. சிரிச்சா என்ன? தாத்தா பேரு நாலு பேருக்குத் தெரியும். இல்லன்னா உங்க பீரோவுல கெடந்து மக்கிப் போவும்." பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள். "உண்மையச் சொல்லுங்க. தாத்தா இதெல்லாம் தின்னு பாத்துத்தான் எழுதினாரா?"

"தின்னாரு. நாங்களும் தின்னோம். ஞாயித்துக்கிழமைன்னா இதுதான்."

"நல்லா இருந்துச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் பன்னு வாயில் மீனோடு பேசிவிட்டான். "யாரு கேட்டா? அப்பா எங்க மூஞ்சியத்தான் சுத்திச் சுத்திப் பாப்பாரு. யாருமே சுளிக்க மாட்டோம். 'சரி, பிடிச்சிருக்கு, இதுவும் புத்தகத்துல போகட்டும்'னு எழுதிக்குவாரு. நாங்க மட்டும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், மூஞ்சியச் சுளிச்சிருந்தோம்னா…"

அவன் முடிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினான். குழாயைத் திறந்துவிட்ட சத்தமும் அதற்கு மேலே அவன் சத்தமும் கேட்டன.

"ஐயோ, இது அத விடப் பிரமாதம்!" என்றார் பதிப்பக அம்மா. "குடும்பமே வாயத் திறக்கல, அதனால புத்தகம் வந்திச்சு! இதையே முன்னுரையா வச்சிரலாம்மா!"

அப்பா எங்கள் முகங்களைப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. ரொட்டி சுட்டுக் காய்ந்துபோன கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தான் மெல்லுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவராகப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு எதிரில் எங்களால் அதைத் தவிர வேறு எதுவும் செய்திருக்க முடியாது. அது எங்கள் வீட்டுக் காரியம். முன்னுரைக்கு அது சரக்கு இல்லை.

என் தட்டில் பாதி மீதி இருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அதை எடுத்து, பால் மணிக்கட்டில் வழிய வழியத் தின்றேன். வாயைத் துடைத்துக்கொண்டேன்.

"கொமட்டுது" என்றேன்.

தம்பி மகள் நிமிர்ந்தாள். அந்த வார்த்தையை என் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை.

"எங்க அப்பா செஞ்சதுலயே இது கேவலம். ஈரலு இதவிடக் கேவலம். கோஸ பத்தி வாயத் திறந்தா வெளிய வந்துரும். நான் அவரு பொண்ணு, சொல்லலாம். உள்ள வாந்தி எடுக்கறானே, அவன் சொல்லலாம். கடையில வாங்கிப் பாத்துச் சிரிக்கறவங்க சொல்லக் கூடாது. புத்தகம் கெடையாதும்மா."

பதிப்பக அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "யாரும் கேவலமா சிரிக்க மாட்டாங்கம்மா. ஆசையாத்தான்…"

"ஆசையாச் சிரிக்கணும்னா உங்க அப்பாவ வச்சுச் சிரிங்க."

அவர் முகம் சிவந்தது. "எனக்குப் புரியுதும்மா" என்றார்.

"புரிஞ்சா, சிரிப்பு இல்லாம, அப்பா எழுதினத எழுதினபடி போடுங்க. ரொட்டிப் படம் போட்ட அட்டையோட."

"அத யாரும்மா வாங்குவாங்க?"

"அப்ப யாரும் வாங்க வேண்டாம். மாப்பிள்ள, எடுத்த படத்தையெல்லாம் அழிச்சுடுங்க."

மாப்பிள்ளை பெண்டாட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து குனிந்து, ஒவ்வொரு படமாகக் காட்டிக் காட்டி அழித்தார். கடைசியில் வந்தது அந்தப் படம். மீன் எண்ணெய் மின்னும் உதட்டோடு நான். தோள் இரண்டும் நேராக, அப்பா ஜாடை அப்படியே.

"அதையும்" என்றேன்.

பதிப்பக அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு, வாசல் வரை வந்து, மரியாதையாகவே விடைபெற்றுக்கொண்டு போனார். தம்பி மகள் தட்டுகளை அடுக்கும்போது அழுதாள்.

"தாத்தா பேரு அட்டையில வந்திருக்கும் அத்தை. ரெண்டு நாளா நின்னு நின்னு செஞ்சேன். எல்லாம் போச்சு."

அது ஒன்றுதான் எனக்குக் குத்தியது. வந்திருக்கும், கொட்டை எழுத்தில். அந்த ஆசை அவளைவிட எனக்கு அதிகம்.

"வந்திருக்கும்" என்றேன். "அதுக்கு மேல, எப்படித்தான் தின்னாங்களோன்னும் வந்திருக்கும்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாத்திரத்தைத் தேய்த்தாள். நான் பக்கத்தில் நின்று துடைத்து வைத்தேன். ஜெல்லி வைத்த கிண்ணத்தை மூன்று தடவை கழுவியும் நாற்றம் போகவில்லை. அவளே அதைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். பன்னு வெளிறிய முகத்தோடு வந்து, "அக்கா, இனிமே ஞாயித்துக்கிழமை எங்கிட்ட மீன் வாசம் வரக் கூடாது" என்றான். அவள் சிரித்துவிட்டாள். நான் விட்டுவிட்டேன். அது வீட்டுக்குள் சிரிக்கிற சிரிப்பு.

என் புடவையில் பட்ட டின் பால் கறை போய்விட்டது. வாயில் அந்த ருசி ஒரு வாரம் இருந்தது. காப்பி குடித்தால்கூட அடியில் மீன் நீந்தியது. புத்தகம் பீரோவில் இருக்கிறது. நான் இருக்கும்வரை அது வெளியே வராது.

தெருவில் இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. மூன்றாவது சாண்ட்விச்சின் பாதியை நான் மேசைக்கு அடியில் நாய்க்குப் போட்டுவிட்டேனாம். தம்பி வீட்டில் நாய் கிடையாது. முழுவதையும் நான்தான் சாப்பிட்டேன்.