அந்தப் பெண் என்ன சொல்வாள்

“கப்பலுக்கு டிக்கெட் எடுத்துட்டேன். வெள்ளைக்காரனே மூட்டையக் கட்டிட்டான், இனி நமக்கு இங்க என்ன வேல? கெளம்பு, நாகப்பட்டணம் போயிரலாம்.”

வாசித்துவிட்டு ராஜரத்தினம் பென்சிலைத் தாளில் ஊன்றியபடி காத்திருந்தார். அடுத்த வரியில் ‘மனைவி’ என்று எழுதி, பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்து, மீதியை வெறுமையாக விட்டிருந்தார். தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்த பாக்கியலட்சுமி வாயைத் திறக்கவில்லை.

பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் நாடகம் இப்படித்தான் எழுதப்படுகிறது. யார் யாரைக் கட்ட வேண்டும், யார் சாக வேண்டும், எந்த இடத்தில் திரை விழ வேண்டும் என்பதெல்லாம் அவர் மூளை. ஆனால் ரப்பர் கம்பெனியில் கிராணியாகக் கடுதாசி எழுதி எழுதி, அவருடைய ஆட்கள் பேச ஆரம்பித்தால் கம்பெனிக் கடுதாசி மாதிரியே பேசுவார்கள். அதனால் அந்த இடம் வந்ததும் “ம், சொல்லு” என்பார். அவள் கைவேலையை நிறுத்தாமல், அந்த ஆள் எப்படிப் பேசுவானோ அப்படியே பேசிவிடுவாள். மேடையில் கைதட்டல் விழும்போதெல்லாம் அது எந்த வரிக்கு விழுகிறது என்று பின்வரிசையில் இருக்கும் அவளுக்குத் தெரியும். மலாக்காவில் தமிழ் நாடகம் என்றாலே கஜா பேராங் தெரு ராஜரத்தினம்தான்.

இன்று அவள் பேசாததற்கு நேற்று அவரோடு போய்ப் பார்த்த மதியக் காட்சிப் படம்தான் காரணம். ராஜா காலத்துக் கதை. பெரிய புலவர் ஒருவர் பாடப் பாட, ஏட்டில் எழுதும் பெண் அவருக்கு அடி தட்டுகிற இடங்களையெல்லாம் தானே இட்டு நிரப்புகிறாள். சபையில் பொற்காப்பு புலவர் கைக்குப் போகிறது. அவள் ஓடம் ஏறிப் போய்விடுகிறாள். கூட வந்திருந்த பக்கத்து வீட்டுச் செட்டிக்காரம்மாவுக்குத் தமிழ் தெரியாது; மலாக்காச் செட்டிகள் தலைமுறை தலைமுறையாக மலாய்தான் பேசுகிறார்கள். இப்போது அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று மலாயில் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றே ஒவ்வொரு தடவையும் பாக்கியலட்சுமி சொல்ல வேண்டியிருந்தது. வெளியே வந்ததும் ராஜரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாவம் அந்தப் பொண்ணு. அவ பேர ஒரு எடத்துலயாவது சொல்லியிருக்கலாம்” என்றார். சொன்ன பேச்சு அவர் காதிலேயே விழுகிறதா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் மேசையில் நாடக நோட்டீஸ் கிடந்தது. ‘கதை, வசனம்: ராஜரத்தினம்.’ பகல் பன்னிரண்டுக்குள் அச்சகத்துக்குப் போய்விட்டால் சுதந்திரம் கிடைக்கிற மெர்டேக்கா வாரம் முழுக்க ஊர்ச் சுவரெல்லாம் அந்த ஒரு பெயர்தான். தன் பெயரும் ஒரு தடவை அதில் வரவேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ஆனால் கேட்டு வாங்கினால் அது எப்படிச் சேர்த்தி? அதோடு ராத்திரியெல்லாம் இன்னொன்றும் குடைந்துகொண்டிருந்தது. ஓடம் போன மறுநாள் காலையில் அந்தப் புலவர் என்ன பாடியிருப்பார்? படத்தில் காட்டவில்லையே.

“தொண்ட கட்டிக்கிச்சா?” என்றார் ராஜரத்தினம்.

“இல்லங்க. நீங்களே ஒண்ணு போட்டுப் பாருங்களேன்.”

அவர் மோட்டுவளையைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். பிறகு விறுவிறுவென்று எழுதி, தொண்டையைச் செருமி வாசித்தார்: “நாதா, தங்கள் விருப்பமே என் விருப்பம்.”

பாக்கியலட்சுமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“எதுக்கு இப்ப சிரிக்கிற?”

“நாதாவாம். அவ தோட்டத்துல பால்மரம் வெட்டுற பொம்பள. நம்ம வீட்டுல என்னைக்காச்சும் இப்படி ஒரு பேச்சக் கேட்டிருக்கீங்களா?”

அவர் எழுதிய வரியை மறுபடி ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். ஆக, புலவரின் மறுநாள் காலைப் பாட்டு இதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இனியும் சும்மா இருந்துவிடலாம்தான். ஆனால் அந்தத் தோட்டத்துப் பெண் இந்த வரியை வைத்துக்கொண்டு வாயில்லாத பூச்சியாகக் கப்பல் ஏறிப் போவதை நினைக்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

“எழுதிக்குங்க” என்றாள். “‘துணிய மடிச்சு வச்சுட்டேங்க. உங்க துணிய மட்டும்.’”

பென்சில் வழக்கம்போல ஓடியது. ‘மட்டும்’ வந்ததும் நின்றது. அவர் அந்த வரியையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

“பாக்கியம், நேத்து அந்தப் படத்துல...”

“ம்?”

அவர் எழுந்தார். நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சைக்கிளைத் தள்ளினார். அச்சகத்துக்கு நேரமாகிவிட்டது என்று யாரிடமோ சொல்வதுபோல முனகினார்.

அவள் வேலிவரை வந்தாள். செட்டிகளின் ஊரான கம்போங் செட்டியின் நுழைவு வளைவுக்கு முன்னால், கோயில் மதிலோரம் சைக்கிள் நின்றது. இறங்கினார். நோட்டீஸைச் சீட்டின்மேல் விரித்தார், காற்றில் எழும்பியதை இடக்கையால் அமுக்கிக்கொண்டு குனிந்தார். எழுதுகிறாரா, எழுதியதை அடிக்கிறாரா? பாக்கியலட்சுமி வேலிக்கட்டையைப் பிடித்து நுனிக்காலில் எம்பினாள். அங்கிருந்து பார்க்க முதுகும், அசைகிற முழங்கையும் மட்டும் தெரிந்தன.